இன்று எத்தனை மரம்?



புத்தாண்டு பிறந்தால் நம் அலுவலகத்துக்கு இரண்டு வகைத் தபால் வந்து குவியும். ஒரு பக்கம் வங்கிகளும் சங்கங்களும் அனுப்பும் நாட்குறிப்பேடுகள். இன்னொரு பக்கம், "நேரமே போதவில்லை, ஒரு நாளை எப்படித்தான் வகுத்துக்கொள்வது, ஏதாவது எழுதுங்களேன்" என்று கேட்கும் உங்கள் கடிதங்கள். இம்முறை கேட்டவர்களில் கல்லூரி மாணவர்கள் உண்டு. வீட்டிலிருந்தபடியே கணக்கு வேலை பார்க்கும் ஒரு தாய் உண்டு. பகலில் கடையைப் பார்த்துக்கொண்டு இரவில் வாடகைக் கார் ஓட்டும் ஈப்போக்காரர் ஒருவரும் உண்டு. பணி ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் மட்டும் நேர்மாறாக எழுதியிருந்தார்: நேரம் கொட்டிக் கிடக்கிறதாம், ஆனால் ஒரு வேலையும் முடிய மாட்டேன் என்கிறதாம். அவருடைய சிக்கல்தான் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அதற்குப் பிறகு வருகிறேன்.

இந்தத் தலைப்பில் புத்தகங்களுக்குப் பஞ்சமில்லை. ஐந்து மணிக்கு எழு, குளிர்ந்த நீரில் குளி, பட்டியல் போடு, பட்டியலில் முதல் வேலையை முதலில் முடி. எல்லாம் நல்ல அறிவுரைதான். ஆனால் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சிரிப்பு வரும். விடிவதற்கு முன் எழுந்து, நாளின் கடினமான வேலையை முதலில் முடித்துவிட வேண்டும் என்பதை ஏதோ புதிதாகக் கண்டுபிடித்ததைப் போல எழுதுகிறார்கள். சுங்கை சிப்புட்டிலும் செம்மோரிலும் தாப்பாவிலும் சுங்கையிலும் ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இது பாலோடு ஊட்டப்பட்ட பாடம். கித்தாப்பால் என்று சேர்த்து வாசித்தாலும் தப்பில்லை.

தோட்டத்து நாளை இன்னொரு முறை எடுத்துப் பார்ப்போம். ஏக்கத்தோடு வேண்டாம், கொஞ்சம் கணக்குப்பிள்ளைக் கண்ணோடு பார்ப்போம். அந்த நாள் ஏன் அப்படி வகுக்கப்பட்டது? யார் வகுத்தது? அதில் எதை வைத்துக்கொள்ளலாம், எதைத் தூக்கிப் போடலாம்?

நாளை வகுத்தது முதலில் மரம். பிரேசில் காட்டிலிருந்து லண்டன் கியூ தோட்டம் வழியாகச் சிங்கப்பூருக்கு வந்த கன்றுகளில் ஒன்பது, 1877ல் நம் கோலகங்சாரில் நடப்பட்டன. அப்போது பேராக்கின் ரெசிடெண்டாக இருந்த ஹியூ லோ நட்டவை அவை. அவற்றில் ஒரு மரம் இன்றும் மாவட்ட அலுவலகத்துக்குப் பக்கத்தில் வேலி போட்டு நிற்கிறது. பார்க்காதவர்கள் அந்தப் பக்கம் போனால் வண்டியை நிறுத்திப் பாருங்கள். நம் தாத்தா பாட்டிகளைக் கப்பலேற்றிய மரம் அது. மரம் வந்து ஏறக்குறைய இருபது ஆண்டுகளுக்கு அதிலிருந்து பாலை எப்படி எடுப்பது என்று இங்கே யாருக்கும் சரியாகப் பிடிபடவில்லை. பிரேசிலில் கோடரியால் வெட்டி எடுப்பார்கள், மரம் பாதியிலேயே கெட்டுப்போகும். 1888ல் சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்துக்கு வந்த ஹென்றி ரிட்லிதான், பட்டையை மெல்லியதாகச் சீவினால் மரத்துக்குச் சேதமில்லாமல் ஆண்டுக்கணக்கில் பால் எடுக்கலாம் என்று சோதித்துக் காட்டினார். சட்டைப் பையில் விதையை வைத்துக்கொண்டு பார்க்கிற துரைமார்களிடமெல்லாம் 'நடுங்கள், நடுங்கள்' என்று நச்சரித்ததால் அவருக்குப் பைத்தியக்கார ரிட்லி என்றே பெயர்.

அந்தப் பாலுக்கு ஒரு நேரம் இருக்கிறது. பட்டைக்குள் ஓடும் பால்குழாய்களில், இரவில் இலைகள் நீரை வெளியே விடாமல் இருப்பதால், அழுத்தம் ஏறிக்கொண்டே போகும். விடிவதற்குச் சற்று முன்பு அது உச்சத்தில் இருக்கும். கார் டயருக்குள் இருக்கும் காற்றழுத்தத்தைப் போல நான்கைந்து மடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். வெயில் ஏற ஏற இலைகள் நீரை விட, குழாயில் அழுத்தம் இறங்கிவிடும். அதே மரம், அதே உளி, அதே கை. விடியலில் சீவினால் பால் ஏந்தும் மங்கு நிறையும். உச்சிப்பொழுதில் சீவினால் அந்த அளவு வராது. ஆகவே இருட்டோடு இருட்டாகக் காட்டுக்குள் இருக்க வேண்டும். கங்காணியின் குரலுக்கும் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு மணிக்கும் பின்னால் இருந்த உண்மையான அதிகாரம் இந்த மரத்தின் அழுத்தம்தான்.

நாளை வகுத்துக்கொள்ள விரும்புகிறவர்கள் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வியும் இதுதான் என்று எனக்குப் படுகிறது. என் வேலைக்குப் பால் இறங்கும் நேரம் எது? எல்லோருக்கும் அது விடியலாக இருக்க வேண்டும் என்று யாரும் விதி எழுதவில்லை. எனக்குத் தெரிந்த தையல்காரர் ஒருவர் இரவு பத்து மணிக்கு மேல்தான் கத்தரிக்கோலை எடுப்பார். அவர் வெட்டிய துணியில் கோணல் இருந்து நான் பார்த்ததில்லை. இதே ஆளைக் காலை எட்டு மணிக்கு உட்கார வைத்தால் பொத்தான் தைக்கத்தான் லாயக்கு. ஒரு வாரம் உங்களை நீங்களே கவனித்துப் பாருங்கள். எந்த நேரத்தில் ஒரு பக்கம் எழுத அரைமணி ஆகிறது, எந்த நேரத்தில் அதே பக்கத்துக்கு இரண்டு மணி ஆகிறது என்பது தானாகத் தெரிந்துவிடும். தெரிந்தபின் அந்த நேரத்தில் மின்னஞ்சல் பார்க்காதீர்கள், கட்டணம் கட்டப் போகாதீர்கள், குடும்பக் குழுவில் காலை வணக்கம் அனுப்பாதீர்கள். நம் புலன (வாட்ஸ்அப்) குழுக்களில் ரோஜாப்பூப் படத்தோடு வந்து விழும் காலை வணக்கங்களைப் பற்றித் தனியாகவே ஒரு தலையங்கம் எழுதலாம்.

அடுத்தது, காத்திருப்பு. ஒருவர் சீவ வேண்டிய ஒரு நிரையில் நானூறு, ஐந்நூறு மரம் இருக்கும். சராசரியாக மரத்துக்கு அரை நிமிடம்கூடக் கிடைக்காது. அந்த நேரத்துக்குள் மங்கைத் திருப்பி வைத்து, கோட்டில் உறைந்து கிடக்கும் ஒட்டுப்பாலை உரித்துக் கூடையில் போட்டு, ஒன்றரை மில்லிமீட்டர் தடிப்பில் பட்டையைச் சீவி, அடுத்த மரத்துக்கு நடந்தாக வேண்டும். கொஞ்சம் ஆழமாகப் போனால் மரத்துக்குக் காயம், மண்டோரிடம் ஏச்சு. கடைசி மரத்தைச் சீவி முடிக்கும்போது முதல் மரத்தில் பால் இன்னும் சொட்டிக்கொண்டிருக்கும். இரண்டு மூன்று மணி நேரம் வடிந்து, பிறகு தானாக நிற்கும். அதற்கு முன்னால் எடுத்தாலும் நட்டம், ரொம்பத் தாமதித்தாலும் நட்டம், மங்கிலேயே உறைந்து கட்டிப்பால் ஆகிவிடும். அந்த இடைவெளியில்தான் பசியாறுவார்கள். தூக்குச்சட்டியைத் திறந்து, வரக்கோப்பியை ஊற்றி, ரொட்டியோ பழைய சோறோ சாப்பிட்டுவிட்டு, வெற்றிலையை மடிப்பார்கள். சிலர் உளியைத் தீட்டிக்கொள்வார்கள். அந்த அரைமணியில் யாரும் தங்களைச் சோம்பேறி என்று நினைத்துக்கொண்டதில்லை. வேலை நடந்துகொண்டுதான் இருந்தது, மரம் செய்துகொண்டிருந்தது.

நம் நாள்களில் இந்தக் காத்திருப்புக்கு இடமே விடுவதில்லை. எழுதிய கட்டுரையை உடனே திருத்த உட்காருகிறோம், படித்த பாடத்தை உடனே ஒப்பிக்கச் சொல்லிப் பிள்ளையைப் பிடித்துக்கொள்கிறோம். நம் இதழில் ஒரு கட்டுரை எழுதி முடிந்தால் குறைந்தது ஒரு இரவு அது கிடக்க வேண்டும் என்று வைத்திருக்கிறோம். மறுநாள் காலையில் பார்த்தால் பிழைகள் தாமே எழுந்து கை தூக்கும். இளம் துணையாசிரியர்களுக்கு இது முதலில் நேர விரயமாகத்தான் தெரியும்.

உளி தீட்டுவதைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் நாளைத் திட்டமிடுவது என்று நாம் சொல்வதில் பாதி அதற்குள் இருக்கிறது. என் அம்மா பால்வெட்டுக்காரர். மதியம் ஸ்டோரில் பால் நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்து, குளித்துச் சாப்பிட்டுச் சற்றுக் கண்ணயர்ந்தபின், லயத்து வாசலில் உட்கார்ந்து சாணைக்கல்லில் உளியைத் தேய்ப்பார். எச்சில் தொட்டுத் தேய்ப்பார், கட்டைவிரல் நகத்தில் வைத்துப் பார்ப்பார், மறுபடி தேய்ப்பார். பிறகு நெற்றி விளக்கு, கூடை, வாளி, இடுப்பில் கட்டிக்கொள்ளும் கொசுவத்தி எல்லாவற்றையும் கதவுக்குப் பக்கத்தில் வரிசையாக வைத்துவிடுவார். விடியற்காலை இருட்டில் தேடுகிற வேலையே கிடையாது. மறுநாள் காலை என்பது முந்தின நாள் மாலை ஐந்து மணிக்கே தொடங்கிவிடும். இன்றைக்கு நாளைத் திட்டமிடக் காலையில் காகிதமும் பேனாவுமாக உட்காருகிறவர்களைப் பார்த்தால், மரத்தடியில் நின்றுகொண்டு உளி தீட்டுகிறார்களே என்றுதான் எனக்குத் தோன்றும். முந்தின நாள் மாலையில், வேலையை மூடும் முன் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். நாளைக்கு முதலில் எந்தக் கோப்பைத் திறக்க வேண்டும், எந்தப் பக்கத்தில் விட்டோம் என்று குறித்து வைத்துவிட்டு எழுந்திருங்கள்.

இனி, பணி ஓய்வு பெற்ற ஆசிரியரிடம் வருகிறேன். அவருக்கு நேரம் இருந்தும் வேலை முடியவில்லை. இதற்கு ஒரு சட்டமே உண்டு, அதை எழுதியவர் எழுதும்போது நமக்குக் கூப்பிடு தூரத்தில்தான் இருந்தார். நார்த்கோட் பார்க்கின்சன் 1950களில் சிங்கப்பூரில் இருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பேராசிரியர். 1955ல் அவர் லண்டன் 'எகனாமிஸ்ட்' இதழில் ஒரு கிண்டல் கட்டுரை எழுதினார். ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் ஒதுக்குகிறோமோ அவ்வளவு நேரத்துக்கும் அந்த வேலை வீங்கிக்கொள்ளும் என்பது அதன் சாரம். வேலையில்லாத ஒரு மூதாட்டி தம் உறவுப் பெண்ணுக்கு ஓர் அஞ்சலட்டை அனுப்ப ஒரு முழு நாளைச் செலவழிப்பதை உதாரணம் காட்டுகிறார். அட்டையைத் தேட ஒரு மணி, கண்ணாடியைத் தேட இன்னும் கொஞ்சம், குடை எடுத்துப் போவதா வேண்டாமா என்று யோசிக்க இன்னும் கொஞ்சம். வேலை நிறைய உள்ள ஒருவர் மூன்று நிமிடத்தில் முடித்துவிடுவாராம். அரசாங்க அலுவலகங்கள் பெருத்துக்கொண்டே போவதைக் கேலி செய்யத்தான் பார்க்கின்சன் இதை எழுதினார். ஆனால் வீட்டிலிருந்து வேலை பார்க்கிறவர்களுக்கும், ஓய்வு பெற்றவர்களுக்கும், தேர்வுக்கு முந்திய விடுமுறையில் இருக்கும் மாணவர்களுக்கும் அளவெடுத்துத் தைத்ததைப் போலப் பொருந்துகிறது.

தோட்டத்து வேலை ஏன் அப்படி வீங்கவில்லை? நிரைக்கு ஒரு கடைசி மரம் இருந்தது. இன்று எத்தனை மரம் என்பது காலையிலேயே தெரியும். கடைசி மரத்தைச் சீவி, பாலெடுத்து, காண்டா என்ற தோள்கம்பில் தூக்கிவந்து ஸ்டோரில் நிறுத்து, கணக்கெழுதும் கிராணி, பாலின் அடர்த்தி காட்டும் மெட்ரோலாக்கை விட்டுப் பார்த்து எழுதிக்கொண்டால் அன்றைய வெட்டு முடிந்தது. நாட்குறிப்பேடுகளில் காலை ஏழு முதல் இரவு ஒன்பது வரை கோடு போட்டிருக்கிறார்களே, அதில் எனக்குள்ள குறையே இதுதான். மணியை எண்ணச் சொல்கிறார்கள், மரத்தை எண்ணச் சொல்வதில்லை. 'எட்டிலிருந்து பத்து வரை படிப்பு' என்று எழுதினால் பத்து மணி ஆனதும் படித்ததாகக் கணக்கு. 'வேதியியலில் ஆறு கணக்கு' என்று எழுதினால் ஆறாவது கணக்கு முடியும்வரை விடமாட்டீர்கள், முடிந்தபின் எழுந்து விளையாடப் போவீர்கள். ஆசிரியர் ஐயா அவர்களுக்கு என் வேண்டுகோள்: நாளைக்கு மூன்றே மரம் வையுங்கள். எழுத வேண்டும் என்று நீங்கள் சொல்லும் பள்ளி வரலாற்றில் இரண்டு பக்கம், கட்ட வேண்டிய ஒரு கட்டணம், பார்க்க வேண்டிய ஒரு நண்பர். நான்காவதை யார் கொண்டுவந்தாலும் நாளை மறுநாளைக்குத் தள்ளுங்கள்.

நிமிடக் கணக்குத்தான் வேண்டும் என்பவர்களுக்கும் ஒரு வழி உண்டு: 1980களின் இறுதியில் பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற இத்தாலிய மாணவர் தக்காளி வடிவில் இருந்த சமையலறைக் கடிகாரத்தை வைத்து ஒரு முறையைத் தொடங்கினார். இருபத்தைந்து நிமிடம் வேலை, ஐந்து நிமிடம் ஓய்வு. நம் நாழிகை இருபத்து நான்கு நிமிடம். ஒரு நிமிடம் கூடப்போட்டு விற்கிறார்கள் என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. முறை என்னவோ நன்றாகத்தான் வேலை செய்கிறது, குறிப்பாகக் கைத்தொலைபேசியைப் பக்கத்து அறையில் வைத்துவிட்டால்.

இதுவரை தோட்டத்தைப் புகழ்ந்தாயிற்று. இனி மறுபக்கம்.

பெஞ்சமின் பிராங்க்ளினின் அன்றாட அட்டவணை உலகப் புகழ் பெற்றது. தம் வரலாற்றில் அவரே எழுதி வைத்தது, இன்றும் சுவரில் ஒட்டிக்கொள்கிறார்கள். ஐந்து மணிக்கு எழுவது, அன்றைய நன்மையை யோசிப்பது, வேலை, வாசிப்பு, இரவு உணவு, இசை, உறக்கம். இரவு உணவு அட்டவணையில் இருக்கிறது. அதைச் சமைத்தவர் இல்லை. தோட்டத்து நாளை நாம் நினைவுகூரும் விதத்திலும் இதே ஓட்டை உண்டு. பெரட்டு மணியிலிருந்து கதையைத் தொடங்குகிறோம். பெரட்டுக்கு முந்திய கதையை விட்டுவிடுகிறோம். லயத்தில் முதலில் எரிந்த விளக்கு அடுப்படி விளக்கு. மணி அடிப்பதற்குள் அம்மாக்கள் சோறு வடித்து, குழம்பு கூட்டி, தூக்குச்சட்டிகளை நிரப்பி, தூங்குகிற பிள்ளையைத் துணியோடு சுருட்டித் தூக்கிக்கொண்டுபோய் ஆயாக்கொட்டகையில் விட்டிருப்பார்கள். அதன்பிறகு ஆணுக்குச் சமமாக அதே நானூறு, ஐந்நூறு மரம். மதியம் திரும்பினால் ஆணுக்கு நாள் முடிந்தது. பெண்ணுக்குத் துணி, விறகு, தண்ணீர், இராச் சமையல். கடைசி மரம் என்ற சலுகை அவர்களுக்கு இருந்ததே இல்லை.

எனவே வீட்டிலிருந்து கணக்கு வேலை பார்க்கும் அந்தத் தாய்க்கு நான் எழுதுவது வேறு. அம்மா, உங்கள் அட்டவணையில் குறையில்லை. நீங்கள் அனுப்பியிருந்த தாளில் காலை ஒன்பது முதல் ஐந்து வரை 'வேலை' என்று போட்டிருக்கிறீர்கள். ஐந்தரைக்கு எழுந்து பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் வரை நடக்கும் வேலைக்கு ஒரு பெயரும் போடவில்லை, அந்தக் கட்டம் வெறுமையாக இருக்கிறது. முதலில் அதை நிரப்புங்கள். நிரப்பிய தாளைக் குளிர்பதனப் பெட்டியின் கதவில், வீட்டுக்காரர் கண்ணில் படும்படி ஒட்டுங்கள். அதில் எந்த மரங்கள் அவருடைய நிரை என்று இருவரும் உட்கார்ந்து பேசுங்கள். அதைப் பேசாமல் நாலரைக்கு எழுந்திருப்பதால் எந்தப் பயனும் இல்லை, தூக்கம்தான் போகும்.

இன்னொன்றையும் மறைக்க வேண்டாம். அந்தத் துல்லியமான நாள் நம்முடையதாக இருக்கவில்லை. பால் யாருக்குப் போனது என்று எல்லோருக்கும் தெரியும். மழை பெய்து பட்டை நனைந்துவிட்டால் வெட்டு இல்லை, கூலியும் இல்லை. மரத்துக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் ஓய்வு கொடுத்தார்கள், கொடுக்காவிட்டால் பட்டை வறண்டு பாலே நின்றுவிடும் என்பதால். முதல் நாள் ஒரு நிரையை வெட்டியவர் மறுநாள் அடுத்த நிரைக்குப் போனார். மரத்தின் வறட்சிக்கு இருந்த அக்கறை ஆளின் வறட்சிக்கு இருக்கவில்லை. இன்றைக்கு இரண்டு வேலை பார்க்கும் ஈப்போ அன்பருக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: வாரத்தில் எந்த இரவு வண்டி எடுக்க மாட்டேன் என்பதை முதலில் எழுதிவிட்டு, மற்றவற்றைப் பிறகு எழுதுங்கள். அலுவலகத்திலும் தொழிற்சாலையிலும் இருப்பவர்கள் ஒன்றைத் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். நம் நாட்டின் திருத்தப்பட்ட வேலைச் சட்டப்படி, 2023 ஜனவரியிலிருந்து, வாரத்துக்கு அதிகபட்ச வேலை நேரம் நாற்பத்தெட்டிலிருந்து நாற்பத்தைந்து மணியாகக் குறைந்திருக்கிறது. வேலை நேரத்தையோ இடத்தையோ மாற்றிக்கொள்ள எழுத்தில் விண்ணப்பிக்கலாம். முதலாளி அறுபது நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும், மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். இந்த வழி இருப்பதே பலருக்குத் தெரிவதில்லை. தன் நாளைத் தானே வகுத்துக்கொள்வதற்குச் சுயக்கட்டுப்பாட்டைவிட இது சில நேரம் கூடுதலாகப் பயன்படும்.

இனி, ஐந்து மணிக்கு எழுகிற விவகாரம். அறிவுரை எழுதுகிறவர்கள் எந்த ஊர்ச் சூரியனை வைத்து எழுதுகிறார்கள் என்று பார்க்க வேண்டும். சென்னையில் ஆறு மணியை ஒட்டி விடிந்துவிடும். ஈப்போவில் ஆண்டு முழுவதும் ஏழுக்கும் ஏழரைக்கும் இடையில்தான் சூரியன் எழும். உச்சிவெயில் என்பது இங்கே பன்னிரண்டு மணிக்கு இல்லை, ஒரு மணிக்கு மேல். காரணம் நாம் போட்டிருக்கும் கடிகாரம். மலாயாவின் கடிகாரத்தை எத்தனை முறை நகர்த்தியிருக்கிறார்கள் தெரியுமா? 1933ல் இருபது நிமிடம் முன்னால் தள்ளினார்கள், 1941ல் இன்னும் பத்து நிமிடம். 1942ல் ஜப்பானியர் வந்ததும் தோக்கியோ நேரம் என்று ஒன்றரை மணி நேரத்தை ஒரேயடியாக நகர்த்தினார்கள். போர் முடிந்ததும் பழையபடி ஆயிற்று. கடைசியாக 1982 ஜனவரி முதல் நாள், சபா சரவாக்கோடு ஒரே நேரமாக இருக்க வேண்டும் என்று தீபகற்பத்தின் கடிகாரங்களை அரைமணி முன்னால் வைத்தார்கள். அன்று முதல் நாம் வெயிலுக்கு ஒன்றேகால் மணி நேரம் முந்தி ஓடிக்கொண்டிருக்கிறோம்.

ஈப்போ பழைய நகரத்தில் 1909ல் கட்டிய பெர்ச் நினைவு மணிக்கூண்டு இத்தனை மாற்றத்தையும் பார்த்துவிட்டது. மரமும் கோழியும் எதையும் கண்டுகொள்ளவில்லை. நாம்தான் கடிகாரத்துக்கும் வெயிலுக்கும் நடுவில். நாட்காட்டியில் ராகு காலம் பார்ப்பவர்களுக்கும் இதில் ஒரு சங்கதி உண்டு. திங்கட்கிழமை ஏழரை முதல் ஒன்பது என்பது ஆறு மணிக்கு விடியும் ஊர்க் கணக்கு. ஏழேகாலுக்கு விடியும் ஊரில் அதே கணக்கு எட்டேமுக்காலுக்கல்லவா தொடங்க வேண்டும்? தவறான ஒன்றரை மணி நேரத்துக்குக் கடையைத் திறக்காமல் நிற்கிறவர்கள் யாராவது இருந்தால் அவர்களிடம் இதைக் காட்டுங்கள். நம்பிக்கையில் நான் தலையிடவில்லை, கூட்டல் கழித்தலில் மட்டும் தலையிடுகிறேன்.

ஆக, நம் ஊரில் ஐந்து மணிக்கு எழுகிறவர், விடிவதற்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கும்போதே எழுகிறார். அதே புத்தகத்தைப் படித்துவிட்டுச் சென்னையில் எழுகிறவருக்கு ஒரு மணி நேரம்தான் இருட்டு. உங்களால் முடியவில்லை என்றால் உங்கள் மனவுறுதியில் குறை தேட வேண்டாம். ஆறு மணிக்கு எழுந்தாலே இங்கே நீங்கள் நட்சத்திரத்தைப் பார்க்கலாம்.

மழைக்கு ஒரு வார்த்தை. ஈப்போக்காரர்களுக்கு மாலை மழையைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. நாலு மணிக்கு மலை கறுத்தால் ஐந்துக்குள் கொட்டும், சாலை நிற்கும், பள்ளியில் பிள்ளை காத்திருக்கும். இருந்தாலும் மாலை நாலுக்கும் ஆறுக்கும் நடுவில் மூன்று வேலையை நெருக்கிப் போடாதவர் யார்? அந்த இரண்டு மணி நேரத்தில் ஒரே வேலையை, அதுவும் தள்ளிப்போட்டால் குடி முழுகாத வேலையை வையுங்கள். மழை வரவில்லை என்றால் அந்த நேரம் உங்களுக்கு லாபம், புந்தோங் பக்கம் போய்ச் சூடாகக் கச்சாங் பூத்தே வாங்கி வரலாம்.

தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புத் திட்டங்களுக்கும் மாறி, பெரட்டுக் களங்களில் புல் முளைத்து ஒரு தலைமுறைக்கு மேல் ஆகிறது. அந்த நாளை நிமிடக் கணக்காகச் சொல்லக்கூடியவர்கள் இன்னும் நம் வீடுகளில் இருக்கிறார்கள். எத்தனை மணிக்கு எழுந்தார்கள், எதை முதலில் செய்தார்கள், காட்டில் எங்கே உட்கார்ந்து பசியாறினார்கள், மதியத்துக்குமேல் கிடைத்த நேரத்தில் மாட்டைப் பார்த்தார்களா, காய்கறி போட்டார்களா, பந்து விளையாடினார்களா, கோயில் கூட்டத்துக்குப் போனார்களா? இதையெல்லாம் ஒரு தாளில் எழுதி வாங்கி எங்களுக்கு அனுப்புங்கள். அடுத்த இதழ்களில் நான்கு பக்கம் ஒதுக்கியிருக்கிறோம். கையெழுத்து எப்படி இருந்தாலும் படித்துக்கொள்வோம். பெரியவர்கள் பேசப் பேசப் பேரப்பிள்ளைகள் எழுதினாலும் சரி. பாட்டிமார்களிடம் கேட்கும்போது அடுப்பு எத்தனை மணிக்கு எரிந்தது என்பதிலிருந்து தொடங்குங்கள். 'என்னத்த, எந்திரிச்சு வேலைக்குப் போவோம்' என்று ஒரே வரியில் முடிக்கப் பார்ப்பார்கள். விடாதீர்கள்.

ஒரே ஒரு நிபந்தனை. மணி எழுதும்போது அது 1982க்கு முந்திய மணியா, பிந்திய மணியா என்று பக்கத்தில் குறித்துவிடுங்கள். உங்கள் பாட்டி அன்றைக்கு நாலு மணிக்கு எழுந்தவர் என்றால், இன்றைய கடிகாரத்தில் அது நாலரை. அச்சில் ஏறும்போது அந்த அரைமணியை நாங்கள் கூட்டிக் குறைத்து, பிறகு அவர்களிடம் வாங்கிக் கட்டிக்கொள்ள முடியாது.

அன்புடன்,
ஆசிரியர்